ஊர்ப் பள்ளிக்கு சோலாரும் ஸ்மார்ட் கிளாஸும்: எதை முதலில் வாங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். ஐந்து வகுப்பறை, ஒரு தலைமையாசிரியர் அறை, மதியத்தில் அடிக்கடி போகும் கரண்ட். ஒரு நிறுவனம் ஐந்து கிலோவாட் ஆன்-கிரிட் சோலாரும் இரண்டு 75 இன்ச் ஸ்மார்ட் போர்டும் சேர்த்து ஒரே கொட்டேஷனாகக் கொடுத்திருக்கிறது. இதற்குப் பணம் கட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

கட்டாதீர்கள். குறைந்தபட்சம் இந்த வடிவில் கட்டாதீர்கள். ஆன்-கிரிட் என்றால் பேட்டரி இல்லாமல், இ.பி. லைனோடு இணைந்து ஓடும் சிஸ்டம். லைனில் கரண்ட் போன நொடியே அதுவும் நின்றுவிடும். உச்சி வெயில் பேனல் மேல் கொட்டிக்கொண்டிருக்கும், கீழே வகுப்பறையில் ஃபேன் ஓடாது. இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. பில்லைக் குறைக்க நினைக்கும் ஆலைக்கும் பெரிய வீட்டுக்கும் அது நல்ல சிஸ்டம். மதியம் கரண்ட் போகிறது என்று கவலைப்படும் பள்ளிக்கு அதனால் பயன் மிகக் குறைவு. கொட்டேஷன் கொடுத்தவர் இதை உங்களிடம் சொல்லவில்லை என்றால், வேறு எதையெல்லாம் சொல்லவில்லை என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேலையில் நான் பல வருடமாக இருக்கிறேன், கிராமப் பள்ளிகள், விடுதிகள், மலை மேல் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகள் என்று. பேனல் பழுதாகி நின்றுபோன பள்ளி மிக அபூர்வம். பேட்டரி செத்து, அதை மாற்றப் பணம் இல்லாமல், யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியாமல் நின்றுபோன பள்ளிகள்தான் அதிகம். திறப்பு விழாக் கல்வெட்டு பளபளப்பாக இருக்கும், உள்ளே இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதனால் எவ்வளவு பெரிய சிஸ்டம் என்று கேட்பதற்கு முன்னால், நாலாவது வருடம் இதை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்தப் பணத்தில் என்று கேளுங்கள். அதற்குப் பதில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் மற்றதெல்லாம்.

பள்ளிக்கு ஒரு பெரிய வசதி உண்டு, இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. வீட்டில் மின்சாரம் அதிகம் தேவைப்படுவது ராத்திரியில். பள்ளியில் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை, அதாவது சூரியன் இருக்கும் அதே நேரம். உற்பத்தியும் செலவும் ஒரே சமயத்தில் நடப்பதால் சேமித்து வைக்க வேண்டியது கொஞ்சம்தான். பேட்டரிதான் இந்த சிஸ்டத்திலேயே சீக்கிரம் சாகும் பொருள், திரும்பத் திரும்பச் செலவு வைக்கும் பொருள். அதைச் சின்னதாக வைத்துக்கொள்ள முடிவது பள்ளிக்குக் கிடைத்திருக்கும் வரம். (ஜவ்வாது மலை, கல்வராயன் மலை மாதிரி இடங்களில் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கும் பழங்குடியினர் பள்ளிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே ராத்திரி விளக்கும் விடுதி ஃபேனும் இருப்பதால் பேட்டரி பெரிதாகத்தான் வேண்டும்.)

சரி, கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு ஃபேன், இரண்டு எல்இடி டியூப் என்று வைத்தால் ஆறு அறைக்குப் பன்னிரண்டு ஃபேன், பன்னிரண்டு டியூப். பழைய சீலிங் ஃபேன் ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்ற மின்சிக்கன வகை ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஆறு மணி நேரம் ஓடினால் பழைய ஃபேன்கள் மட்டும் ஒரு நாளைக்கு 5.4 யூனிட், பிஎல்டிசி என்றால் 2.2 யூனிட். டியூப்லைட் 20 வாட், பகலில் இரண்டு மணி நேரம் எரிந்தால் அரை யூனிட். இரண்டு 55 இன்ச் டிவி தலா 120 வாட், மூன்று மணி நேரம், முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு லேப்டாப், ஒரு வைஃபை ரவுட்டர், ஒரு குட்டி சர்வர் (பாடங்களைச் சேமித்து வைக்கும் சிறு கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்ந்து இன்னொரு அரை யூனிட். மொத்தம் பிஎல்டிசி போட்டால் நாலு யூனிட்டுக்குள், போடாவிட்டால் ஏழு யூனிட்டைத் தாண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும். இன்வெர்ட்டர், பேட்டரி, வயர் எல்லாவற்றிலும் போகிற இழப்பைக் கழித்தால் மூன்று யூனிட் கையில் நிற்கும். அப்படியானால் உங்கள் பள்ளிக்கு 540 வாட் பேனல் நாலு, அதாவது இரண்டு கிலோவாட் சொச்சம் போதும். மேகமூட்டத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். ஃபேனை மாற்ற ஒன்றுக்கு மூவாயிரம் வீதம் முப்பத்தாறாயிரம் ரூபாய் ஆகும், அந்தச் செலவு ஒரு கிலோவாட் பேனலையும் அதற்குரிய மற்ற சாமான்களையும் வாங்காமல் தவிர்க்கிறது. சோலார் போடுவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். விற்க வருகிறவர் சொல்லமாட்டார், அவருக்குப் பெரிய சிஸ்டம் விற்றால்தான் லாபம்.

தண்ணீர் மோட்டாரை இதில் சேர்க்காதீர்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது 750 வாட்டுக்கு மேல் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. அதற்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்க வேண்டி வரும். இ.பி. இருக்கும்போது காலையில் ஏற்றி டேங்கை நிரப்பிக்கொள்ளட்டும். ஏற்கெனவே ஹைடெக் லேப் வந்திருந்தால் அதன் கம்ப்யூட்டர்களுக்குத் தனிக் கணக்கு போட வேண்டும், பத்து டெஸ்க்டாப் சேர்ந்தால் ஒரு கிலோவாட் ஆகிவிடும்.

பேட்டரிக்கு: மதியம் கரண்ட் போய், அதே நேரம் வானமும் மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 வாட்டை மூன்று மணி நேரம் ஓட்ட முடிந்தால் பள்ளி நேரம் முடிந்துவிடும். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி, அதாவது ஈய-அமில வகை, இரண்டு போட்டால் காகிதத்தில் 3.6 யூனிட், ஆனால் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் பயன்படுத்தக் கூடியது 1.8 யூனிட் என்று எடுத்துக்கொள்ளுங்கள், நம் தேவைக்கு அது சரியாக இருக்கும். லித்தியம் என்றால், குறிப்பாக எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, 24 வோல்ட் 100 ஏஎச் ஒன்றே இதே வேலையைச் செய்யும், எண்பது சதவீதம் வரை இறக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆயுளும் இரண்டு மடங்குக்கு மேல். ஆரம்ப விலை கூடுதல். உங்கள் ஊருக்கு அருகில் லித்தியம் சர்வீஸ் செய்ய ஆள் இருந்தால் அதற்குப் போங்கள். இல்லையென்றால் டியூபுலரே நல்லது, தாலுகா தலைநகரில் எந்த பேட்டரிக் கடையிலும் அதற்கு ஆள் கிடைப்பார்.

இன்வெர்ட்டர் ஹைப்ரிட் வகையாக, அல்லது கடைக்காரர்கள் 'சோலார் பிசியு' என்று சொல்லும் வகையாக இருக்கட்டும். சூரியன் இருக்கும்போது அதிலிருந்து, போதாதபோது இ.பி.யிலிருந்து, இரண்டும் இல்லாதபோது பேட்டரியிலிருந்து எடுக்கும்படி அதில் செட் செய்ய முடியும். போட்டு முடித்துவிட்டுப் போகிறவர் பல சமயம் இ.பி. முதலில் என்ற செட்டிங்கிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். அப்போது பேனல் பேட்டரியை நிரப்பிவிட்டுச் சும்மா இருக்கும், பள்ளி முழுக்க இ.பி.யில் ஓடும், யாருக்கும் தெரியாது. பட்டனை அழுத்தி இதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொன்று, வீடுகளுக்கு 2024-ல் வந்த பிரதமரின் சூர்ய கர் மானியம் பள்ளிக்குக் கிடையாது, அது வீட்டு இணைப்புகளுக்கானது. மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கே வைப்பது என்பதில் அவசரப்படக் கூடாது. பள்ளி வளாகம் என்றாலே ஒரு வேப்பமரமும் ஒரு புளியமரமும் இருக்கும், பிள்ளைகள் சாப்பிடுவதும் விளையாடுவதும் அந்த நிழலில்தான், சோலாருக்காக அதை வெட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். பேனல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் ஒன்றின் ஓரத்தில் கிளை நிழல் விழுந்தால்கூட மொத்த வரிசையின் உற்பத்தியும் இறங்கும் என்பது உண்மைதான். அதற்கு வழி, வேறு கட்டிடத்தின் மாடியைப் பார்ப்பது. காலை ஒன்பது, நண்பகல், மூன்று மணி என்று மூன்று நேரமும் மாடியில் நின்று நிழலைப் பாருங்கள். டிசம்பரில் நண்பகலில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், பத்து மீட்டர் மரத்தின் நிழல் ஆறு மீட்டருக்கு மேல் வடக்கே நீளும். ஏப்ரலில் வந்து அளந்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியாது. நம் ஊர்களில் பேனல் தெற்குப் பார்த்து பத்து டிகிரி அளவு சாய்ந்திருந்தால் போதும், மழை பெய்தால் தூசியும் கழுவிக்கொண்டு போகும்.

ஓட்டுக் கட்டிடமாக இருந்தால் அதன் மேல் வைக்காதீர்கள். பழைய கான்கிரீட் கூரை என்றால் ஒன்றியப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேனல் எடை பெரிய பிரச்சினை இல்லை, ஒன்று இருபத்தெட்டு கிலோ அளவுதான். காற்றுதான் பிரச்சினை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நம் ஊரில் புயல் வந்தால் சனங்கள் தங்குவது பள்ளிக்கூடத்தில்தான். அந்த நாட்களில் ஒரு பள்ளியில் விளக்கு எரிந்து, பத்து செல்போன் சார்ஜ் ஏறினால் அது ஊருக்கே எவ்வளவு பெரிய தெம்பு என்று டெல்டாக்காரர்களிடம் கேட்டால் தெரியும். அதனால் ஸ்ட்ரக்சரில், அதாவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கூரையில் துளை போட்டு கெமிக்கல் ஆங்கர் (பசை வைத்து இறுக்கும் போல்ட்) வைத்து, அதன் மேல் நீர்க்காப்பு பூசி, கால்வனைஸ் செய்த இரும்பில் கட்ட வேண்டும். செங்கல்லையும் சிமென்ட் கட்டையையும் பாரத்துக்கு வைத்து நிறுத்துவது கடலோர மாவட்டங்களில் ஆபத்து.

எர்த்திங், இடிதாங்கி, டிசி பக்கம் (பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை) தனி ஸ்விட்ச், இவை மூன்றும் கொட்டேஷனில் தனித்தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். பிள்ளைகள் இருக்கும் இடம். மாடிப் படிக்குப் பூட்டுப் போட்ட கதவு வேண்டும், பேட்டரிக்குக் கம்பி வலைக் கூண்டு வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். பல பள்ளிகளில் வயரிங் முப்பது நாற்பது வருடப் பழசாக இருக்கும், அதன் மேல் புது சிஸ்டத்தை இணைப்பது தப்பு. ரீவயரிங்குக்கு நாற்பதாயிரம் ஒதுக்குங்கள். இதெல்லாம் படம் எடுத்துப் போட அழகாக இருக்காது, ஆனால் பணம் போக வேண்டிய இடம் இதுதான்.

இனி வகுப்பறைப் பக்கம்.

முதலில் ஹெச்.எம்.-இடம் கேளுங்கள், அரசாங்கத்திலிருந்து ஏற்கெனவே என்ன வந்திருக்கிறது, என்ன வரப்போகிறது என்று. கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகளுக்கும், நடுநிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்களுக்கும் திட்டம் போட்டுச் செய்திருக்கிறது. அவர்கள் கொடுத்த போர்டு சுவரில் இருக்க, கரண்ட் இல்லாமல் அது அணைந்திருக்க, நீங்கள் இன்னொரு போர்டு வாங்கிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அப்படி இருந்தால் உங்கள் பணம் மொத்தமும் மின்சாரத்துக்கும் பராமரிப்புக்கும் போகட்டும்.

எதுவும் வரவில்லை என்றால், 75 இன்ச் தொடுதிரை போர்டு இரண்டு வாங்கும் காசைவிடக் குறைவாக நல்ல 55 இன்ச் டிவி இரண்டும் லேப்டாப் இரண்டும் வாங்கிவிடலாம். முப்பது பிள்ளைகள் உட்காரும் அறைக்கு அது போதும். புரொஜெக்டர் வேண்டாம், நம் வகுப்பறைகளில் வெளிச்சம் அதிகம், ஜன்னலைச் சாத்தினால்தான் படம் தெரியும், சாத்தினால் புழுக்கம். டிவியை விட முக்கியமாக நான் சொல்வது ஸ்பீக்கர். கான்கிரீட் அறையில் டிவியின் சொந்தச் சத்தம் எதிரொலித்துக் கடைசி பெஞ்சுக்கு வார்த்தையே புரியாது. ஐயாயிரம் ரூபாய் ஸ்பீக்கர் ஒன்று அந்தப் பாடத்தையே மாற்றிவிடும்.

இன்டர்நெட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிடைத்தால் நல்லது, ஆனால் பாடம் நடக்க அது தேவைப்படக் கூடாது. நம் பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது, கல்விக்கான அரசுத் தளமான திக்‌ஷாவில் வீடியோக்கள் இருக்கின்றன, மணற்கேணி செயலியில் தமிழில் பாடவாரியாக விளக்கப் படங்கள் இருக்கின்றன. ஆசிரியர் தன் வீட்டிலோ பக்கத்து டவுனிலோ முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன, இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். மின்சுற்று, ஒளி விலகல், பின்னம் எல்லாவற்றையும் பிள்ளைகளே இழுத்து மாற்றிப் பார்க்கலாம். கிவிக்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு மெமரி கார்டில் அடக்கிவிடும். கொலிப்ரி என்பது இன்டர்நெட் இல்லாத பள்ளிகளுக்காகவே செய்த இலவச மென்பொருள். இவற்றையெல்லாம் ராஸ்ப்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றி வைத்தால், பத்து வாட்டுக்கும் குறைவான மின்சாரத்தில் அறைக்குள் ஒரு வைஃபை உண்டாகும், லேப்டாப்பிலோ டேப்லெட்டிலோ திறந்து படிக்கலாம். கம்ப்யூட்டர் படித்த முன்னாள் மாணவர் உங்களில் இருந்தால் ஒரு வார இறுதியில் இதைச் செய்துவிடுவார்.

ஆனால் பொருளை வைத்துவிட்டால் படிப்பு வந்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தில் லட்சக்கணக்கான லேப்டாப்களைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் இல்லை. ஆசிரியர் அதை எந்தப் பாடத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு வழியே செய்யாமல் பொருளை மட்டும் இறக்கியிருந்தார்கள். இன்னொரு பக்கம் டெல்லியில், மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து மாலை நேர மையங்களில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தினார்கள். நாலரை மாதத்திலேயே கணக்கில் நல்ல ஏற்றம், இந்தியிலும் ஏற்றம், 2019-ல் அந்த ஆய்வு வெளியானது. அங்கே என்ன வித்தியாசம் என்றால், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்குதான் தெரியும் என்றால் மென்பொருள் அதைக் கண்டுபிடித்து அங்கிருந்தே ஆரம்பித்தது. கூடவே பாதி நேரம் ஓர் ஆள் சின்னக் குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

இது நமக்குப் புதிது இல்லை. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிலைக்கேற்பப் பிரித்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரே அறையில் மூன்று நிலையையும் ஓர் ஆசிரியர் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உள்ளே நின்றவர்களுக்குத்தான் தெரியும். டிவி அங்கேதான் உதவும். மலர் பிள்ளைகள் இருபது நிமிடம் ஒரு கதையைப் பார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டிருக்க, டீச்சர் அரும்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுத்தைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கலாம். எல்லாப் பிள்ளையையும் டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டு ரெக்கார்டு எழுதுவதற்கும் அதே டிவிதான் உதவும். எது நடக்கும் என்பது வாங்கும் முன்னால் ஆசிரியர்களோடு நீங்கள் எவ்வளவு பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது. கொட்டேஷன் கேட்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, எந்த வகுப்பு, எந்தப் பீரியட், எந்தப் பாடம் என்று கேளுங்கள். "டீச்சர், உங்களுக்கு இது எதுக்கு வேணும்?" என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் எந்த விளம்பரத்திலும் இருக்காது.

ஆசிரியர்கள் பொருளைத் தொடத் தயங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் நன்கொடையாளர்கள் அதைப் புரிந்துகொள்வதில்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருள் உடைந்தாலோ காணாமல் போனாலோ பதில் சொல்ல வேண்டியவர் ஹெச்.எம். தணிக்கை வரும். மாறுதலில் போகும்போது எண்ணி ஒப்படைக்க வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுத்து டேப்லெட் உடைந்தால் தன் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற பயத்தில் அது பீரோவுக்குள் போய்விடுகிறது, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, பயன்படுத்தும்போது ஏற்படும் பழுதுக்குக் குழுவின் பராமரிப்புப் பணத்திலிருந்து செய்துகொள்வோம், ஆசிரியர் தனிப்பட்ட பொறுப்பு இல்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஒரு தாள், வாங்கிய பொருளை பீரோவிலிருந்து வெளியே எடுக்க வைக்கும்.

அனுமதி விஷயமும் அப்படியே. கட்டிடம் ஒன்றியத்துக்குச் சொந்தம் என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், பள்ளி என்பதால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு போக வேண்டும். பணத்தை அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கொடுப்பதையும் யோசியுங்கள், 2022 டிசம்பரில் முன்னாள் மாணவர்களின் உதவியைக் கொண்டுவரத்தான் அதைத் தொடங்கினார்கள், கணக்கும் வெளிப்படையாக இருக்கும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள், லைனோடு எந்த வகையில் இணைந்தாலும் அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பணத்தைப் பிரிப்போம், இன்றைய சந்தை விலையில் ஏறக்குறைய. பேட்டரியோடு இரண்டு கிலோவாட் சிஸ்டம் இரண்டு லட்சத்திலிருந்து இரண்டேகால் லட்சம். ஃபேன் முப்பத்தாறாயிரம். ரீவயரிங் நாற்பதாயிரம். டிவி இரண்டு எண்பத்தைந்தாயிரம், லேப்டாப் இரண்டு எண்பதாயிரம், ஸ்பீக்கர், ராஸ்ப்பெர்ரி பை, வயர், பூட்டு, கூண்டு எல்லாம் இருபதாயிரம். நாலே முக்கால் லட்சத்தைச் சுற்றி முடியும். மீதி ஒன்றே கால் லட்சத்தைத் தொடாதீர்கள். இன்னும் இரண்டு பேனல் போடலாமே, இன்னொரு டிவி வாங்கலாமே என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். மேலாண்மைக் குழு கணக்கில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள். ஆறரை சதவீத வட்டி என்றாலும் வருடம் எட்டாயிரம் வரும். இரண்டு டியூபுலர் பேட்டரி நாலு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற முப்பதிலிருந்து முப்பத்தைந்தாயிரம் தேவை. அந்த வட்டியை எடுக்காமல் சேர்த்தாலே பேட்டரி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும், அசல் அப்படியே இருக்கும். ஊர்த் திருவிழா வசூலிலிருந்து கேட்க வேண்டாம், ஹெச்.எம். தன் பையிலிருந்து போட வேண்டாம்.

பார்த்துக்கொள்ளும் ஆளைப் பொறுத்தவரை, ஊரிலேயே இருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட நிற்கவையுங்கள். போடுகிற நிறுவனத்தின் ஆள் வேலை செய்யும்போது இவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், அதற்கு ஒரு சம்பளம் கொடுங்கள். மாதம் ஒரு தடவை வந்து டிஸ்டில்டு வாட்டர் மட்டம், டெர்மினலில் வெள்ளைப் பூப்பு, பேனல் தூசி, அணில் கடித்த வயர் இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போவதற்கு ஒரு சின்னத் தொகை. பேனலைக் கழுவுவது காலை வெயில் ஏறும் முன், வெறும் தண்ணீரில், பெரியவர்கள் மட்டும், பிள்ளைகளை மாடிக்கு அனுப்பவே கூடாது. சத்தீஸ்கரில் அரசின் கிரெடா நிறுவனம் நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்களுக்கு சோலார் போட்டபோது, இத்தனை நிலையங்களுக்கு ஒரு டெக்னீஷியன் என்று பிரித்துச் சுற்றிவர வைத்தார்கள், அந்த சிஸ்டங்கள் ஓடியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உங்கள் ஒன்றியத்தில் இன்னும் நாலு பள்ளிகளில் சோலார் இருந்தால் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஆளுக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொடுங்கள், அவருக்கும் கட்டுப்படியாகும், ஒழுங்காக வருவார்.

மே மாத விடுமுறையில் இன்வெர்ட்டரை அணைத்துப் பூட்டிவிட்டுப் போவது நிறையப் பள்ளிகளில் நடக்கிறது. பத்திரம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், ஆனால் ஈய-அமில பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் கோடை வெக்கையில் விட்டால் தகட்டில் உப்புப் படிந்து அது திரும்ப எழாது. பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் இணைப்பு ஓடிக்கொண்டே இருக்கட்டும், வகுப்பறைக்குப் போகும் லோடை மட்டும் அணையுங்கள். விடுமுறைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் இதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள், ஹெச்.எம். மாறினாலும் அடுத்தவருக்குத் தெரியும்.

ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்னொரு வேலையைக் கொடுக்கலாம். தினமும் மாலை இன்வெர்ட்டர் திரையில் அன்றைய யூனிட்டைப் பார்த்து ஒரு சார்ட்டில் எழுதுவது. மேகம் இருந்த நாள், தூசி படிந்த வாரம், கழுவிய மறுநாள் எல்லாம் அந்த எண்ணில் தெரியும். அறிவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி வெளியில் வாங்கக் கிடைக்காது. சிஸ்டத்தில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் கண்டுபிடிப்பதும் அந்தப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள்.

கடைசியாகக் கொட்டேஷன். இந்த நிறுவனத்திடமே புதிதாகக் கேளுங்கள், கூடவே உங்கள் மாவட்டத்திலேயே சர்வீஸ் ஆள் வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேரிடமும் கேளுங்கள். சோலார் தனி, வகுப்பறைப் பொருட்கள் தனி என்று இரண்டு ஆர்டராகப் பிரியுங்கள். பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி மூன்றின் வாரண்டி அட்டையும் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும், நன்கொடையாளர் பெயரில் வாங்கினால் பின்னால் யாரும் கேட்க முடியாது. மொத்தத் தொகையில் பத்து சதவீதத்தை நிறுத்தி வைத்து, ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டிய பிறகு ஜனவரியில் கொடுப்பதாக ஆர்டரிலேயே எழுதுங்கள், கூரை ஒழுகுகிறதா, மழைநாளில் பேட்டரி தாங்குகிறதா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். புதுக் கொட்டேஷன் வந்ததும் வரிவரியாக இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.